கூட்டுக் குடும்பத் தொடரில் கணவன் மனைவிக்கு இடம் எங்கே?

வாசகி ஒருவரின் கேள்வி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து:

‘பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரை ஐந்து ஆண்டுகள் பார்த்து முடித்தேன். அண்ணன் தம்பி ஒற்றுமையைச் சொல்லும் கதையில் காதல் காட்சி தேவையே இல்லை என்பது என் முடிவு. கணவனும் மனைவியும் கொஞ்சத் தொடங்கிய நாளிலிருந்துதான் அந்த வீட்டில் விரிசல் விழுந்தது. கூடத்தில் மாமனார், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கவும் கூச்சமாக இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் என்ன சொல்கிறீர்கள்?’

2 நவம்பர் 2023

நான் இதை ஏற்கவில்லை. 2018 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடரைச் சென்ற வாரம் 28ஆம் தேதி முடியும்வரை, நடுவில் விட்டுப்போன சில வாரங்கள் நீங்கலாக, என் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். கதை குன்றக்குடியில் நடக்கிறது என்றதும் நம் ஊர்க்கதை என்ற உரிமையோடு பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து சண்முகநாதர் மலை பத்துக் கிலோமீட்டர்கூட இராது.

மூர்த்தி–தனம், ஜீவா–மீனா, கதிர்–முல்லை, கண்ணன்–ஐஸ்வர்யா என்று நான்கு இணைகளை வைத்துக்கொண்டு நடந்த கதை அது. ஜீவாவுக்கு என்று பேசி வைத்த பெண் முல்லை. ஜீவா தான் விரும்பிய மீனாவைக் கைப்பிடிக்க, முல்லையின் கழுத்தில் கதிர் தாலி கட்டுகிறான். விரும்பாமல் நடந்த கல்யாணம் மெல்ல மெல்லக் காதலாக மாறிய அந்தப் பகுதிக்காகத்தான் எங்கள் தெருவில் பாதிப்பேர் இரவுச் சமையலை முன்னதாக முடித்தார்கள். கடையைப் பிரிப்பார்களா என்ற கவலை பிறகு வந்தது. காதலை எடுத்துவிட்டால் அந்த ஐந்து ஆண்டுகளில் நினைவில் நிற்பதற்கு அதிகம் இல்லை.

விரிசல் எதனால் விழுந்தது என்பதைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

5 நவம்பர் 2023

நாளை என்று சொல்லி மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதால்தான் தாமதம்.

அந்தத் தொடரின் வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே கல்லாப்பெட்டி. நான்கு மருமகள்கள் வந்தாலும் அடுக்களை ஒன்றுதான். ஒரு தம்பதி தனியாக ஒரு வேளை சாப்பிட நினைத்தாலே பின்னணி இசை மாறிவிடும். ‘தனிக்குடித்தனம்’ என்ற சொல்லைக் கொலைக்குற்றத்தைப் போல உச்சரிப்பார்கள். இது கூட்டுக் குடும்பத்தின் இலக்கணம் என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கதை எந்த மண்ணில் நடப்பதாகச் சொல்லப்பட்டதோ, அந்த மண்ணில் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகள் இப்படி இயங்கவில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீட்டில், வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மகனும் மருமகளும் ‘வேறு வைக்கப்படுவார்கள்’. அப்படியென்றால் வீட்டை விட்டு அனுப்புவது என்று பொருளில்லை. அதே கூரையின் கீழ், அவர்களுக்கென்று அரிசி, பருப்பு, பாத்திரம், அடுப்பு எல்லாம் தனி. விசேஷ நாளில் ஒரே பந்தி, மற்ற நாளில் அவரவர் உலை.

கோயில் கணக்கிலும் அப்படித்தான். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று எங்கள் குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களானாலும், கல்யாணமானதும் அந்தத் தம்பதி ஒரு தனிப் ‘புள்ளி’. வரி புள்ளிக் கணக்கில்தான் வரும். ஒரு வீட்டுக்குள் ஐந்து புள்ளி, ஆறு புள்ளி இருந்தது நம் பாட்டன் காலத்தில் சாதாரணம். தம்பதியை ஓர் அலகாக எண்ணிப் பழகியதால்தான் அத்தனை பெரிய வீடுகளில் அத்தனை பேர் அடித்துக்கொள்ளாமல் வாழ முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே வாசகிக்கு என் பதில் இதுதான். காதல் வந்ததால் அந்த வீட்டில் விரிசல் விழவில்லை. காதலுக்கு ஓர் அடுப்பளவு இடம்கூட ஒதுக்காததால் விழுந்தது.

6 நவம்பர் 2023

ஒரு திருத்தம். கல்யாணமான கையோடு வேறு வைத்துவிடுவார்கள் என்ற தொனியில் நேற்று எழுதிவிட்டேன். சில வீடுகளில் சில மாதம், சில வீடுகளில் முதல் பிள்ளை பிறக்கும்வரை மாமியார் அடுப்பிலேயே மருமகள் சமைத்ததும் உண்டு. வீட்டுக்கு வீடு வேறுபடும்.

19 நவம்பர் 2023

கூச்சமாக இருக்கிறது என்று வாசகி எழுதியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எனக்கும் கூச்சம் வந்தது, ஆனால் வேறு இடத்தில். தம்பிகளைப் பிள்ளைகளாக வளர்க்க வேண்டும் என்பதற்காக மூர்த்தியும் தனமும் தங்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்து வாழ்கிறார்கள் என்று தொடக்கத்தில் சொன்னார்களே, அந்த இடம். அதைத் தியாகத்தின் உச்சியாகக் காட்டினார்கள். கூடத்தில் இருந்த எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு அடைத்தது. ஒரு பெண்ணும் ஆணும் தங்களுக்குள் இருக்கும் உறவை முழுதாகக் குடும்பத்தின் காலடியில் வைத்தால்தான் நல்ல அண்ணி, நல்ல அண்ணன் என்றால், அடுத்து வரும் மருமகள்கள் என்ன செய்தாலும் அந்த அளவுகோலில் குறைவாகத்தானே நிற்பார்கள்? மீனா புருஷனோடு சிரித்துப் பேசினால்கூடச் சுயநலம்போலத் தோன்றும். நான்கு தம்பதியருக்கும் இடையே நடந்த எல்லாப் பிணக்குக்கும் விதை முதல் வாரத்திலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

தனமாக நடித்த சுஜிதாவின் முகத்தில் அந்த இழப்பு பல இடங்களில் தெரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வசனத்தில் இல்லாததை அவர் கண்ணில் வைத்திருந்தார்.

இன்னொன்று. இந்தத் தொடர்களில் கணவனும் மனைவியும் அறைக்குள் பேசினால் வாசலில் ஒருவர் நின்று ஒட்டுக் கேட்பார். பாதிக் கதை அந்த ஒட்டுக் கேட்டலில்தான் நகர்கிறது. வாரத்துக்கு ஐந்து ஆறு நாள், நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் காட்சி வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் பூட்டும் தாழ்ப்பாளும் இல்லாத அறையில் வாழும் தம்பதியைப் பார்க்கும்போதெல்லாம் என் அப்பத்தாவின் இடுப்பில் தொங்கிய சாவி நினைவுக்கு வரும். அரை அடி நீள இரும்புச் சாவி அது. வளவின் தென்பக்கத்து அறைக்கு உரியது. குளிக்கும்போதும் அதை அவர் கழற்றியதில்லை. அந்த அறைக்குள் மாமியார்கூடக் கேட்காமல் நுழைந்ததில்லையாம்.

3 டிசம்பர் 2023

அப்பத்தாவைப் பற்றி எழுதிவிட்டதால் முழுதும் சொல்லிவிடுகிறேன். காதலை எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு இதில் ஏதோ விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஐயா, அதாவது அப்பத்தாவின் கணவர், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். அக்காலத்தில் கடையை நடத்தும் மேலாளாகப் போகிறவருக்கு ஒரு கணக்கு என்பது மூன்று வருடம். மூன்று வருடம் அங்கே, பிறகு சில மாதம் இங்கே. அப்பத்தா அந்த அறையில் தனியாக இருந்தார். ஐயா எழுதிய கடிதங்கள் எல்லாம் அவருடைய தந்தையான அப்பச்சி பெயருக்குத்தான் வரும். மனைவி பெயருக்குக் கடிதம் எழுதுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. கடை வரவு செலவு, நெல் விலை, கப்பல் போக்குவரத்து என்று நிறைய எழுதியிருப்பார். முடிக்கும் இடத்தில் ஒரு வரி வரும். ‘உள்வீட்டில் யாவரும் சுகமென்று நம்புகிறேன்’. அந்த ‘யாவரும்’ என்பது தான் ஒருத்தியே என்று அப்பத்தாவுக்குத் தெரியும். பெரியவர் கூடத்தில் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பாராம். அந்த வரி வரும் நேரம் பார்த்து அப்பத்தா பட்டாலைத் திண்ணையின் தூணுக்குப் பின்னால் வந்து நிற்பார். மற்ற மருமகள்கள் அதற்காக வழிவிட்டு நகர்ந்துகொள்வார்களாம்.

1942இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் வந்தபோது கடிதம் நின்றது. ஐயா வீடு வந்து சேரும்வரை அந்த அறையின் அடுப்பில் தினமும் இருவருக்கு உலை வைத்ததாக அப்பத்தா என்னிடம் சொன்னார். மீந்ததை மாட்டுக் கழுநீரில் கொட்டுவார்கள். வீணாக்காதே என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வார்த்தையில், ஓர் ஓரப் பார்வையில் இவ்வளவும் அடங்கியிருக்கும்போது, தொடரில் ஒரு ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்ற வசனத்துக்கு ஏழு முகங்களைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டியதில்லை. வாசகிக்குக் கூச்சம் தருவது காதல் அன்று, அதைக் காட்டும் முறைதான் என்று நினைக்கிறேன்.

9 டிசம்பர் 2023

இன்று சித்ராவின் நினைவு நாள். முல்லையாக நடித்துக்கொண்டிருந்தபோதே, 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். பிறகு காவ்யா அறிவுமணி முல்லையானார், அதன் பிறகு லாவண்யா. கதிராக நடித்த குமரன் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

ஒரே காதலை மூன்று பெண்கள் ஏற்று நடித்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. புதிய முல்லை வந்த முதல் வாரத்தில் நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போகப் பார்த்தேன். என் மாமியார் அணைக்க விடவில்லை. ‘பாவம், அந்தப் பையன் யாரைப் பார்த்துப் பேசுவான்? அவனுக்காகப் பார்ப்போம்’ என்றார். அதற்குமேல் எழுத இன்று மனம் வரவில்லை.

21 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊர் நிறைந்திருந்ததால் இங்கே வரவில்லை. இரண்டாம் பாகம் பார்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்க்கிறோம்.

முதல் பாகம் முடிந்த இரண்டாம் நாளே தொடங்கிய இந்தக் கதை முற்றிலும் வேறு குடும்பத்தினுடையது. பாண்டியனும் கோமதியும் வீட்டார் எதிர்ப்பை மீறிக் காதலித்து மணந்தவர்கள். கோமதியின் அண்ணன்மார் அந்தப் பகையை இன்னும் விடவில்லை. அப்படிப்பட்ட பாண்டியன் தன் பிள்ளைகள் யாரும் காதலிக்கக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார். இதை முரண் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது மிகவும் உண்மையாகப் படுகிறது. காதலுக்காகப் பெண் தன் பிறந்த வீட்டை இழப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் சீர் வராத அந்த வெறுமையைப் பல ஆண்டுகள் பார்த்த ஆணுக்கு, தன் மகன் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அதையே செய்துவிடுவானோ என்ற பயம் வருவது இயல்பு. முதல் பாகத்தில் மூர்த்தியாக வந்த ஸ்டாலினே இங்கே பாண்டியன். அவர் குரல் உயரும்போதெல்லாம் அந்தப் பயம் கேட்கிறது.

நம் ஊரில் படமான ‘நாதஸ்வரம்’ தொடரையும் இங்கே நினைத்துக்கொண்டேன். 2010 முதல் 2015 வரை ஓடியது. 2014இல் அதன் ஆயிரமாவது பகுதியைக் காரைக்குடியிலிருந்து நேரலையாகவே காட்டினார்கள். அதிலும் கோபி–மலர் உறவு கூட்டுக் குடும்பப் பாரத்தின் அடியில்தான் மூச்சுவிட்டது. பத்தாண்டுகளில் வேட்டி, சேலை, இசை எல்லாம் மாறின. தம்பதி பேசிக்கொள்ள மொட்டைமாடிதான் என்பது மட்டும் மாறவில்லை.

22 ஜனவரி 2024

நவம்பரில் புள்ளிக் கணக்கைப் புகழ்ந்து எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தேவகோட்டை உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். புள்ளி ஆணின் பெயரில்தான் எழுதப்படும் என்பதையும், கணவன் இறந்தபின் மனைவியை அரைப்புள்ளியாக எண்ணிய வழக்கத்தையும் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதியிருக்க வேண்டும். தம்பதியை மதித்த கணக்கு, தனித்துப்போன பெண்ணைப் பாதியாகக் குறைத்தது. நம் வழக்கத்தை உயர்த்திக் காட்டும் வேகத்தில் அதை விட்டுவிட்டேன்.

17 மார்ச் 2024

இரண்டாம் பாகத்தில் பாண்டியனின் மகன் செந்தில் தந்தைக்குத் தெரியாமல் மீனாவைப் பதிவுத் திருமணம் செய்கிறான். இன்னொரு மகன் கதிரோ, எதிர்வீட்டுப் பெண் ராஜிக்குச் சூழ்நிலையால் தாலி கட்டுகிறான். முதல் பாகத்துக் கதிர்–முல்லை போலவே மறுபடி ஒரு விருப்பமில்லாத தாலி, மறுபடி அதிலிருந்து ஒரு காதல் முளைக்க வேண்டும். பெயர்கூட மாறவில்லை. கதை எழுதுகிறவர்களின் கைப்பழக்கம் என்று இதை நான் குறை சொல்ல வந்தேன். ஆனால் நேற்று இரவு ராஜி அந்த வீட்டு அடுக்களையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்தபோது குறை சொல்ல முடியவில்லை. 1988இல் நான் இந்த வீட்டு அடுக்களையில் அப்படித்தான் நின்றேன்.

நான் வாழ வந்தபோது இங்கே நான்கு அடுப்பு வழக்கம் போய்விட்டது. என் மாமனாரின் சகோதரர்கள் சென்னைக்கும் கோவைக்கும் குடிபோய், ஒரே எரிவாயு அடுப்பு வந்திருந்தது. என் கணவர் வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வருவார். மாமியாரை எழுப்ப வேண்டாமே என்று, அவருக்குக் காப்பி போட எங்கள் அறையில் ஒரு திரி ஸ்டவ் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். பதினோரு நாள் என் மாமியார் என்னோடு பேசவில்லை. ‘வந்த நாலாம் மாசம் வேறு வைக்கச் சொல்கிறாள்’ என்று என் காதுபட உறவினர் பேசினார்கள். அந்தச் சொல் முப்பத்தைந்து ஆண்டுகளாக எனக்குள் இருக்கிறது. தொடரில் தனிக்குடித்தனம் கேட்கும் மருமகளை எல்லோரும் திட்டும்போது நான் அவள் பக்கம் நின்றதற்கு அதுதான் காரணம். நவம்பரில் நான் அடுப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதியதற்கும் அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று முதன்முறையாக அதை மாமியாரிடம் கேட்டேன். ‘அயித்தை, அந்த ஸ்டவ் கேட்டதற்கு ஏன் அப்படிக் கோபப்பட்டீர்கள்?’

அவருக்கு எண்பத்து நான்கு வயது. விளம்பரம் முடியும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் பதினேழு வயதில் வந்தபோது மூன்றாம் மாதமே வேறு வைத்தார்கள். என் மாமனார் அப்போது மதுரையில் வேலை பார்த்தார், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். மூன்றாம் கட்டில் நான்கு அடுப்பு வரிசையாக எரியும். மூன்று ஓரகத்திகளும் புருஷன் பிள்ளைகளுக்குச் சமைப்பார்கள். ‘என் அடுப்புல எனக்கு மட்டும் ஒரு பிடி வேகும், ஆத்தா. பக்கத்து அடுப்பு வாசம் மூக்குல ஏறும். கேட்கக் கூடாது, அவுங்களாக் குடுக்கவும் மாட்டாங்க. எனக்கு மருமக வந்தா என் அடுப்புலதான் சாப்பிடணும்னு அன்னைக்கே நினைச்சேன். நீ ஸ்டவ்வு கேட்டதும், உன்னையும் அப்புடித் தனியா உக்கார வைக்கச் சொல்றியேன்னு இருந்துச்சு.’

நான் என்ன சொல்வது? நவம்பர் 5இல் நான் எழுதியதை அழிக்க மனமில்லை, அதில் சொன்ன வழக்கம் உண்மை. ஆனால் தனி அடுப்பு என்றால் தம்பதிக்கான இடம் என்று நான் எழுதினேன். தம்பதியில் ஒருவர் ஊரில் இல்லாதபோது அந்த அடுப்பு என்னவாகும் என்று யோசிக்கவில்லை. என் அப்பத்தா இருவருக்கு உலை வைத்த கதையை இதே இடத்தில் எழுதிவிட்டும் யோசிக்கவில்லை.

18 மார்ச் 2024

ஒரு வாசகர், ‘அப்படியானால் ஒரே அடுப்புதான் சரி என்கிறீர்களா?’ என்று கேட்டிருக்கிறார். இல்லை. கேட்டதும் கொடுக்கும் வீடு வேண்டும். அடுப்பைக் கேட்டால் அடுப்பு, பக்கத்துப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி குழம்பு கேட்டால் குழம்பு. தொடரில் எந்த மருமகளும் கேட்பதில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டு அழுகிறாள், அல்லது சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்குகிறாள். கேட்டிருந்தால் கதை நகராது என்பது தெரியும். ஆனாலும் ஒரு காட்சியிலாவது ஒருத்தி கேட்கட்டும்.

2 ஜூன் 2024

மகனும் மருமகளும் விடுமுறைக்கு வந்து பத்து நாள் இருந்தார்கள். அவர்களுடையது காதல் கல்யாணம். இந்த வீட்டில் அதற்கு எதிர்ப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்து தணிந்தது.

வந்த மறுநாள் மருமகள் மூன்றாம் கட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். இங்கே நான் எழுதுவதை அவள் படிக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் அந்தப் பக்கம் விறகும் பழைய சாமானும் போட்டு வைத்திருக்கிறோம். மகன் அவற்றை ஒதுக்கினான். சுவரில் நான்கு கரித்தடங்கள், இடுப்புயரத்தில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போகக் குறுகி, உத்தரம்வரை ஏறியிருந்தன. மூன்று தடங்கள் நன்றாகக் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் வெளிறி, பாதி உயரத்தோடு நின்றிருந்தது. அது யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. என் மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

அன்று இரவு தொடரில் ராஜி மறுபடி அழுதுகொண்டிருந்தாள். ‘அந்தப் புள்ள கதிருகிட்ட வாயத் தொறந்து கேட்டாத்தான் என்ன?’ என்று மாமியார் திரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு மகனிடம் திரும்பி, மாடி அறையில் அவர்களுக்கு ஒரு மின்சார அடுப்பு வாங்கி வைக்கச் சொன்னார். காலையில் இட்லிக்கு மட்டும் கீழே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். மூன்றாம் கட்டுச் சுவரை மட்டும் விட்டுவிடும்படி சொல்லியிருக்கிறேன்.